20 வருடமாகத் தினமும் குடிக்கும் அப்பா, இனிமேல் தொடமாட்டேன் என்கிறார். வீட்டிலேயே நிறுத்தலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா?

சேருங்கள். உடனே சேர்க்க வழியில்லை என்றால், நிறுத்துவதற்கு முன்பே ஒரு மருத்துவரிடமாவது கூட்டிப்போங்கள். காலையில் கொஞ்சம் போட்டால்தான் அப்பாவுக்குக் கை நடுக்கம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு என் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது.

சித்தப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர். தினம் மூன்று குவார்ட்டர். ஒரு வருடம் வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவோடு குடியை விடுகிறேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். சித்தி பாயசம் வைத்தார். மறுநாள் காலை காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் பாதி வேட்டியில் கொட்டியது. சட்டை நனைய வேர்த்தது. கத்திரி வெயில், எங்கள் பக்கத்து வெயிலைக் கேட்க வேண்டுமா, சூடுதான் என்று மோர் கொடுத்தோம். சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. கையில் சாவியைத் திணித்தோம். அது தப்பு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குடிப்பாரா என்று அவர்களும் கேட்கவில்லை, வெட்கப்பட்டு நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். வலது கை இல்லாத கயிற்றை இழுத்தது. நடுவில் நிறுத்தி, குனிந்து, போர்வையிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து முறுக்கி முடிந்தார். "இழை அறுந்துடுச்சு, லைட்டைக் காட்டு" என்றார். எதிரே நிற்பது சித்தி என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரியே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. சாராயம் மூளையை அமுக்கும். வருடக்கணக்கில் அமுக்கினால் மூளையும் எதிர்ப்பக்கம் முழு பலத்தோடு இழுக்கப் பழகிவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் திடீரென்று கையை விட்டால் என்ன ஆகும்? நடுக்கம், வியர்வை, வாந்தியெல்லாம் கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் ஆரம்பிக்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள். பிதற்றல், இல்லாதது தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்பது 2 முதல் 4 நாளுக்குள். இதற்குச் சிகிச்சை கிடைக்காமல் உயிர் போனவர்கள் உண்டு. நெய்பவர் நெய்வது போல, வண்டி ஓட்டுபவர் ஓட்டுவது போலச் செய்வதும் இந்த மயக்கத்தில் வருவதுதானாம். பேய் பிடித்துவிட்டது என்று அன்றைக்கு எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் செய்வது இதுதான். அந்த அமுக்கும் வேலையைச் சில நாளைக்கு ஒரு மாத்திரை செய்யும். பெரும்பாலும் குளோர்டயாசிபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து அளவு வைத்து, தினம் கொஞ்சம் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கெடுதலாகலாம் என்றார்கள். இதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து அந்த மாத்திரையை மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் பழக்கமாகிவிடும், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கச் சொல்லும் 'குடி மறக்கும் மருந்து' பக்கமும் போகாதீர்கள்.

எல்லாருக்கும் பெட் தேவைப்படாது. லேசாக இருந்தால் தினம் வந்து காட்டச் சொல்வார்கள். உங்கள் அப்பாவுக்குக் காலையிலேயே வேண்டியிருக்கிறது, அதனால்தான் சேருங்கள் என்கிறேன். அவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. பத்து நாளில் உடம்பு தெளியும், ஆசை போகாது. சித்தப்பா ஆடிக் கிருத்திகைக்குள் மறுபடி குடித்துவிட்டார். சித்தி அழுதார், திட்டினார், ஆனால் திரும்பவும் கூட்டிப்போனார். இந்த முறை நிறுத்துவதற்கு முன்பே போய்ச் சேர்ந்ததால் வலிப்பும் இல்லை, பிதற்றலும் இல்லை. வெளியே வந்தபின் ஆசையைக் குறைக்கும் மாத்திரையும் கவுன்சலிங்கும் மாதக்கணக்கில் போயின. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு இன்னும் போகிறார். தறியிலும் உட்காருகிறார்.

வேலூரில் அடுக்கம்பாறை தவிர, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்தை விடுவதற்கென்றே இருக்கும் உதவி எண் 14446. அப்பா ஏற்கெனவே நிறுத்தி நடுக்கம் ஆரம்பித்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள், அங்கே அதைக் கட்டாயம் கேட்பார்கள்.