குவேனியின் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

வணக்கம். கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றில் தரம் 6க்கு வரலாறு படிப்பிக்கிறேன். இலங்கைக்கு வந்த இளவரசன் விஜயன், அவன் மணந்து பின் கைவிட்ட யக்ஷப் பெண் குவேனி இவர்களின் கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை எழும்பி, “குவேனியின்ட பிள்ளைகள் எங்க போனாங்க ரீச்சர்?” என்று கேட்டாள். காட்டுக்குப் போனார்கள், வேடர் அவர்களின் வழி வந்தவர்கள் என்று சொல்வார்கள் என்றேன். “அவங்க இப்பவும் இருக்காங்களா?” என்றாள். தம்பானைக் கிராமத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதையாகச் சொன்னால் கதைதான் மனதில் நிற்கும், வரலாறு போய்விடும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். நான் என்ன செய்யட்டும்?
ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

அன்புள்ள ரீச்சர்,

அந்தப் பிள்ளையின் இரண்டாவது கேள்வியிலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்குங்கள். கதையாகச் சொல்லலாமா என்று இனி யோசிக்க வேண்டாம், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அது யார் வாயிலிருந்து வந்த கதை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

குவேனி கதை மகாவம்சம் என்ற பழைய பாளி நூலில் இருக்கிறது. தாய் கொல்லப்பட்டபின் இரண்டு பிள்ளைகளும் மாமன் சொற்கேட்டுச் சிவனொளிபாதமலைப் பக்கம் ஓடுகிறார்கள், அவர்களின் வழியில் புளிந்தர் என்ற காட்டுமக்கள் வந்தார்கள் என்கிறது அது. எழுதியவர் பௌத்த பிக்கு, வேடர் அல்ல. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொரு கதை வள்ளி கதை. ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது காலி வீதியில் நின்று கும்பிட்ட பிள்ளைக்கு வள்ளி வேடர் மகள் என்று நன்றாகவே தெரியும், ஆனால் வள்ளியின் ஆட்கள் இன்றைக்கு எங்கே என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு கதைகளும் நல்ல கதைகள்தான், இரண்டையும் சொன்னவர்கள் வெளியார்.

நான் படித்த காலத்தில் எங்களைத் தம்பானைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். தோளில் கோடரியோடு நின்றவர்களைப் பார்த்தோம், படமெடுத்தோம், தேன் வாங்கினோம், பஸ் ஏறினோம். அவர்கள் வேட்டையாடிய காடு 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டு, அங்கே வேட்டையாடுவது குற்றமாகிவிட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மகாவலித் திட்டத்தில் காணி கொடுத்துக் குடும்பங்களை ஹெனானிகலவுக்கு அனுப்பினார்கள், திசாஹாமி என்ற முதியவர் மட்டும் சில குடும்பங்களோடு போகமாட்டேன் என்று தம்பானைப் பக்கத்துக் கோட்டபக்கினியவிலேயே இருந்துவிட்டார். 1998இல் அவர் இறந்தபின் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைவரானார். இந்தக் கதையை ஒரு நாற்பது நிமிடப் பாடத்தில் சொல்லிப் பாருங்கள். பேரன் தாத்தாவிடம், “நாங்க ஏன் போகேல்ல?” என்று கேட்கிற இடத்தில் தொடங்கலாம், ஆனால் அந்தப் பேரன் நீங்கள் கற்பனை செய்தவன் என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஆண்டும் இடமும் காரணமும் கதைக்குள்ளேயே இருக்கின்றன, உங்கள் சக ஆசிரியரின் பயத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், தம்பானையோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு உண்மையில் வலிப்பது இந்த இடம்தான். வாகரைப் பக்கம் பால்சேனை, பனிச்சங்கேணி, குஞ்சன்குளம், தெற்கே களுவங்கேணி என்று கிழக்குக் கரையோரத்தில் வேடர் இருக்கிறார்கள், வீட்டில் பேசுவது தமிழ். மீன்பிடிக்கிறார்கள், தேனெடுக்கிறார்கள், குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்கிறார்கள். 2004 கடற்கோளும் அதற்குப் பிந்திய யுத்த இடப்பெயர்வும் அவர்களையும் அடித்தன. அந்தப் பிள்ளைகளும் தமிழில் எழுதிய வரலாற்றுப் புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளிடம் வேடர் என்றால் இலையுடுத்திய ஓர் உருவம்தான் கண்முன் வருகிறது. 1911 குடிசன மதிப்பீட்டில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த வேடர் தொகை 1963இல் 400 என்று பதிவானது. அத்தனை பேரும் செத்துப்போகவில்லை ரீச்சர், பலர் சிங்களவர் என்றும் தமிழர் என்றும் எழுதப்பட்டார்கள். ஓர் ஆளுடைய பெயருக்கு நேரே உத்தியோகத்தர் எதை எழுதினார் என்பதே ஒரு கதை, தரம் 6 பிள்ளைக்கு அது நன்றாகவே விளங்கும்.

நியூசிலாந்தில் 2014இல் சில மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்கள் நடந்த இடங்களுக்குப் போய், மாவோரிப் பழங்குடி முதியவர்கள் வாயால் நடந்ததைக் கேட்டார்கள். இது ஏன் எங்களுக்குப் படிப்பிக்கப்படவில்லை என்று, 12,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு அடுத்த ஆண்டே பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 2023இல் அந்த நாட்டு வரலாறு அங்கே பாடசாலைகளில் கட்டாயமாக்கப்பட்டது. கேட்ட கதை பிள்ளைகளை இவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கலைவிழாவுக்குப் பிள்ளைகளின் முகத்தில் கரிபூசி, இலைகட்டி ‘வேடர் நடனம்’ ஆடவிட வேண்டாம். சடங்குக் கதைகளையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுத்து நடிக்க வேண்டாம், அவை நமக்குப் பாடப்பொருள், அவர்களுக்கு வழிபாடு.

வாகரைப் பக்கத்தில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதினால், அங்குள்ள பெரியவர்கள் யாராவது பதில் சொல்லச் சம்மதிப்பார்களா என்று அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். முதல் கேள்வி அந்தப் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும், அவள் கேட்டபடியே எழுதி அனுப்புங்கள், திருத்த வேண்டாம்.