அணுசக்தி நல்லதா கெட்டதா? என் மனைவி முழுங்குன அயோடின் 131 பத்தி சொல்றேன்

அணுசக்தியால மனுஷனுக்கு நன்மை அதிகமா ஆபத்து அதிகமா, குண்டு செய்யுற அதே ஆளுங்கதான உலையும் கட்டுறாங்க, அவங்கள எப்படி நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. நீங்க காலேஜ்ல படிக்கிறவரா இருக்கணும், பட்டிமன்றத்துக்கோ அசைன்மென்ட்டுக்கோ பாயிண்ட் தேடுறீங்கன்னு நினைக்கிறேன். ஹிரோஷிமா, மெகாவாட் கணக்கெல்லாம் மத்தவங்க சொல்லுவாங்க. நான் எங்க வீட்டுக்குள்ள நடந்ததச் சொல்றேன், ஏன்னா அணு உலைல உண்டான ஒரு பொருள என் மனைவி முழுங்குனா, அதனாலதான் இன்னிக்கு நல்லா இருக்கான்னு நான் நம்புறேன்.

நான் வள்ளியூர்க்காரன். கூடங்குளம் பக்கத்துல. 2011, 2012ல இடிந்தகரைல ஜனங்க அணு உலை வேண்டாம்னு உக்காந்து போராடுனதையும் பாத்தேன், அதே சமயம் நாள்ல பாதி நேரம் கரண்ட் இல்லாம எங்க வீட்டுப் புள்ளைங்க விசிறிய வச்சுக்கிட்டு தூங்காம கெடந்ததையும் பாத்தேன். அதனால என்ன எந்தக் கட்சின்னு கேட்டு சண்டைக்கு வராதீங்க. இன்னொன்னும் முதல்லயே சொல்லிடுறேன், அவளுக்கு வந்த கேன்சர் உலையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல. டாக்டர்கிட்ட நேரா கேட்டேன், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லன்னாங்க, நானும் இல்லாதத சொல்ல மாட்டேன்.

அவளுக்கு தைராய்டுல கேன்சர். ஆபரேஷன் பண்ணி சுரப்பிய எடுத்தாச்சு, ஆனா கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்குற செல்ல அழிக்க ரேடியோ அயோடின், அதாவது அயோடின் 131 கொடுக்கணும்னாங்க. உடம்புல அயோடின தேடி இழுத்து சேத்து வச்சுக்கிறது முக்கியமா தைராய்டு செல்லுதான், அதனால அந்த அயோடின்லயே கதிர்வீச்ச ஏத்திக் கொடுத்தா அது போய் அந்த செல்லத்தான் கொல்லும். கேக்க சுலபமா இருக்கு. அதுக்கு முன்னாடி தைராய்டு மாத்திரைய பல வாரம் நிறுத்தச் சொல்லிட்டாங்க, முகமெல்லாம் ஊதி, குரல் கட்டி, நாலு படி ஏற முடியாம போயிட்டா. அயோடின் உப்பு கூடாது, மீன் கூடாது, முட்டை, பால் எதுவும் கூடாது. கடலோரத்துல பொறந்து வளந்தவ, மீன் இல்லாம ஒரு வேளை சோறு இறங்காது, ஆனா அவ ஒரு வார்த்தை சொல்லல.

திருவனந்தபுரத்துலதான் கொடுத்தாங்க. ஒரு ஸ்டாஃப் தள்ளுவண்டில சின்ன ஈயக் குடுவை ஒண்ண கொண்டு வந்தாரு, கையளவுதான் இருக்கும், ஆனா ரெண்டு கையால தூக்குறாரு, அவ்ளோ கனம். மூடியத் தொறந்து, உள்ள இருந்த கேப்சூல கையால தொடாம அப்படியே வாய்ல கவுத்துக்கச் சொல்லி, தண்ணிய கொடுத்துட்டு உடனே தள்ளிப் போயிட்டாரு. 100 மில்லிகியூரி, கதிர்வீச்சுப் பொருள அளக்குற கணக்கு அது. அதுக்கப்புறம் தனி ரூம், சாப்பாடு வாசல்ல வைப்பாங்க, கக்கூஸ்ல ரெண்டு தடவ தண்ணி விடணும், அந்தக் கழிவு நேரா சாக்கடைக்குப் போகாது, தொட்டில தேக்கி வச்சு கதிர்வீச்சு கொறஞ்சப்புறம்தான் விடுவாங்க. எச்சில் சுரப்பி கெட்டுடக் கூடாதுன்னு புளிப்பு மிட்டாய சப்பிக்கிட்டே இருந்தா. தினமும் ஒருத்தர் வந்து தூரத்துல நின்னு மீட்டர நீட்டி அளப்பாரு. எங்க பாப்பாவுக்கு அப்ப நாலு வயசு, வீட்டுக்கு வந்தப்புறமும் கொஞ்ச நாள் மடில வச்சுக்கக் கூடாது, பக்கத்துல படுக்கக் கூடாதுன்னாங்க. கதவுக்கு வெளிய நின்னு அது அழுதத நான் இன்னும் மறக்கல.

அதவிட கொடுமை எங்க வீட்டு ஓனர் அண்ணாச்சி. "தம்பி, அது செவுத்துல எல்லாம் ஒட்டிக்கிடும்னு சொல்லுதாங்களே, ஆறு மாசம் உங்க மாமியா வீட்டுல விட்டுட்டு வந்துருங்களேன்"ன்னாரு. அயோடின் 131 எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாயிடும், உடம்புல இருந்து ஒண்ணுக்குலயே பெரும்பாலானது முதல் ரெண்டு மூணு நாள்ல வெளிய போயிடும், மீட்டர்ல அளந்து பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரில விடுறாங்கன்னு எவ்ளோ சொல்லியும் அவர் காதுல ஏறல. இன்ஷூரன்ஸ் ஆளுங்க அதுக்கு மேல, ஆபரேஷன் இல்ல, ஊசி இல்ல, ஒரே ஒரு மாத்திரைக்கு எதுக்கு அட்மிஷன்னு கேட்டு க்ளெய்ம திருப்பிட்டாங்க. வருஷா வருஷம் பிரீமியம் வாங்கும்போது ஒரு கேள்வி கேக்குறதில்ல. இங்க இது சம்பந்தமில்லன்னு தெரியும், ஆனா கேன்சர் வந்த குடும்பத்த இப்படி அலைய விடுறத எங்கயாவது சொல்லித்தான ஆகணும்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். அவளக் காப்பாத்துன இதே அயோடின் 131தான் அப்ப சோவியத் யூனியன்ல இருந்த செர்னோபில்ல குழந்தைங்களுக்கு தைராய்டு கேன்சர கொடுத்துச்சு. 1986 ஏப்ரல் 26ல உலை வெடிச்சுச்சு, காத்துல போன அயோடின் புல்லுல படிஞ்சுச்சு, மாடு தின்னுச்சு, பால குழந்தைங்க குடிச்சாங்க. அளவு அதிகமா போனா செல் செத்துடும், அதான் எங்களுக்கு நடந்த வைத்தியம். செல்ல சாகடிக்கிற அளவுக்கு இல்லாம, கெடுத்து மட்டும் விடுற அளவுல, வளர்ற புள்ளையோட சின்ன சுரப்பில போய் உக்காந்தா பின்னாடி கேன்சரா வளரும். அப்ப சின்ன வயசா இருந்தவங்கள்ல 2005 வரைக்கும் 6,000 பேருக்கு மேல தைராய்டு கேன்சர், அதுல கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம்னு ஐநாவோட விஞ்ஞானக் குழுவே சொல்லுது. இதுல எனக்கு வயிறு எரியுறது என்னன்னா, எட்டு நாள்ல பாதியாகுற சாமான் அது, ரெண்டு மாசம் அந்தப் பால குடிக்காம இருந்தாலே இந்தப் பாதிப்புல பெரும்பகுதி இருந்திருக்காது. சோவியத் அரசு வாயத் தொறக்கல. ஸ்வீடன்ல ஒரு அணுமின் நிலையத்துல கதிர்வீச்சு மணி அடிச்சப்புறம்தான் 28ஆம் தேதி சின்னதா ஒரு அறிவிப்பு, மே 1ஆம் தேதி கீவ்ல ஊர்வலம் வேற நடத்துனாங்க. போலந்து மாஸ்கோ சொல்லட்டும்னு காத்திருக்காம ஒரு கோடி குழந்தைங்களுக்கு மேல அயோடின் மருந்த ஊத்திக் கொடுத்துச்சு. அணு ஒண்ணுதான், மறைச்ச அரசுக்கும் சொன்ன அரசுக்கும்தான் வித்தியாசம்.

குண்டு செய்யுற ஆளுங்கதான கரண்ட் எடுக்குறாங்கன்னு கேட்டீங்கல்ல, அது பாதி சரி. 1974 மே 18ல பொக்ரான்ல வெடிச்ச குண்டுக்கு புளூட்டோனியம் வந்தது டிராம்பேல இருந்த சைரஸ் உலைலேர்ந்து. அமைதிக்காகன்னு கனடா கொடுத்த உலை. அதுலயே ஆஸ்பத்திரிக்கான ஐசோடோப்பும், அதாவது வைத்தியத்துக்கான கதிர்வீச்சுப் பொருளும் செஞ்சாங்க. பக்கத்துல இருக்குற துருவா உலை 1985ல வந்தது, நம்ம நாட்டுல அயோடின் 131 செய்யுறதும் முக்கியமா அங்கதான், குண்டுக்கான புளூட்டோனியம் வர்ற எடமும் அதுதான். ரெண்டும் சர்வதேச அணுசக்தி முகமையோட கண்காணிப்புக்கு வெளிய வச்ச உலைங்க. ஆனா கூடங்குளம் அந்தக் கண்காணிப்புக்கு உள்ள இருக்கு, எரிபொருள் ரஷ்யாலேர்ந்து வருது, அதுலேர்ந்து குண்டு செய்யுறாங்கன்னு பயப்பட வேண்டாம். அங்க பயப்பட வேண்டியது விபத்தப் பத்தி, அதுக்கு கேள்வி கேக்குறது தேசத்துரோகம் ஆகாது.

குண்டுக்கு மட்டும் என்கிட்ட எந்த நியாயமும் கிடையாது. கலாம் ஐயா மேல எனக்கு மரியாதை உண்டு, அத இழுக்காதீங்க. ஹிரோஷிமால போட்ட குண்டுல 64 கிலோ யுரேனியம், அதுல ஒரு கிலோவுக்கும் கம்மியாத்தான் பிளந்துச்சு, அந்த வருஷ முடிவுக்குள்ள சுமார் 1,40,000 பேர் செத்தாங்க. இன்னிக்கு உலகத்துல கிட்டத்தட்ட 12,000 குண்டு இருக்கு. என் பொண்டாட்டிக்கு ஒரு கேப்சூலக் கொடுக்க ஈயக் குடுவை, தனி ரூம், தொட்டி, மீட்டர்னு அவ்ளோ ஜாக்கிரத பண்ற மனுஷன், அதே சாமான ஒரு ஊர் மேல மொத்தமா கொட்ட ரெடியா வச்சிருக்கான்னா அத எப்படிங்க பாதுகாப்புன்னு சொல்றது?

நீங்க இந்தப் பக்கம் ஆளா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. கூடங்குளம் உலைய சுத்தி 16 கிலோமீட்டருக்கு, விபத்து நடந்தா என்ன பண்ணணும்னு அவசரத் திட்டம் ஒண்ணு உண்டு. செட்டிகுளத்துல இருக்குற எங்க சித்திக்கு நானே உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை நல்ல அயோடின கொடுத்து தைராய்ட நிரப்பிடும், கெட்டது உள்ள போக எடம் இருக்காது. கதிர்வீச்சு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியோ, வந்த சில மணி நேரத்துக்குள்ளயோ போட்டாத்தான் பிரயோஜனம். குழந்தைங்களுக்கு முதல்ல கொடுக்கணும், அவங்களுக்கு அளவு கம்மி. சீசியம் மாதிரி வேற கதிர்வீச்சுப் பொருள் எதையும் அது தடுக்காது. பயந்து போய் சும்மா வாங்கி முழுங்கக் கூடாது, அதிகாரிங்க சொன்னாத்தான் போடணும்.