கிட்டில் கட்டும் ரேஸ் ஹைட்ரோபிளேன்: கேள்வி பதில்

ப்ளைவுட் கிட்டில் ரிமோட் ஹைட்ரோபிளேன், அதாவது தண்ணீர்மேல் உரசியபடி பறக்கும் ரேஸ் படகின் மாடல், கட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் மோட்டார் பற்றியே வந்ததால் அவற்றை ஒரே கேள்வியாக்கிவிட்டேன்.

கேள்வி: கிட் பெட்டியைப் பிரித்தாச்சு அண்ணா. முதல்ல எதை ஒட்டணும்?

எதையும் ஒட்டாதீங்க. முதலில் கட்டும் பலகை சமமா என்று பாருங்க. தடித்த கண்ணாடித் துண்டு இருந்தால் அதுவே போதும். சட்டங்களை எல்லாம் பசை இல்லாமல் கோத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக இறுகும் எபாக்ஸியால் ஒட்டுங்க. ஐந்து நிமிட எபாக்ஸி அவசரப்படுத்தும். அந்த அவசரத்தில் விழும் முறுக்கை அப்புறம் எடுக்கவே முடியாது. மேல்தட்டை மூடும் முன் உள்பக்கம் முழுக்க எபாக்ஸி பூசிடுங்க.

கேள்வி: ஸ்பான்சன் (படகின் முன்பக்கம் இருபுறமும் நீட்டியிருக்கும் மிதவை) அடிப்பக்க ஓரங்களை அழகாக உருட்டித் தேய்த்து, மூன்று கோட் பெயின்ட் அடித்தேன். ஆனால் படகு தண்ணீரை விட்டு எழும்பவே மாட்டேங்குது. பெரிய மோட்டார் போடலாமா?

மோட்டார் பாவம், அதை விட்டுடுங்க. தண்ணீர் உருண்ட ஓரத்தைச் சுற்றி வளைந்து மேலே ஏறும், படகைக் கீழே இழுக்கும். ஓரம் கூர்மையாக இருந்தால் தண்ணீர் அங்கேயே பிரிந்துவிடும். ஸ்பான்சனின் பின் ஓரமும் தண்ணீரைத் தொடும் பக்க ஓரங்களும் கத்திமுனை போல இருக்கணும்.

சரிசெய்யலாம். ஓரத்தை ஒட்டி டேப்பைச் சுவர் மாதிரி நிறுத்தி, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியை ஊற்றி இறுக விடுங்க. பிறகு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் அடிப்பக்கத்தை மட்டும் தட்டையாகத் தேயுங்க. விரலால் பிடித்துத் தேய்த்தால் மறுபடி உருண்டுவிடும். ஓரத்தில் நகத்தை இழுத்துப் பாருங்க, தூள் சுரண்டி விழுந்தால் சரி. பளபளப்பெல்லாம் மேல்தட்டுக்கு.

கேள்வி: ப்ரொப்பெல்லர் எவ்வளவு ஆழத்தில் இருக்கணும்?

ஓடும்போது பாதி தண்ணீரில், பாதி வெளியே. 1950இல் சியாட்டிலின் லேக் வாஷிங்டனில் ஸ்லோ-மோ-ஷன் ஃபோர் என்ற நிஜ ஹைட்ரோபிளேன் மணிக்கு 160 மைல் வேகத்தில் சாதனை படைத்ததும் இப்படித்தான்: இரண்டு ஸ்பான்சன், அரை ப்ரொப்பெல்லர், படகின் மற்ற உடல் தண்ணீரைத் தொடாது. ஸ்ட்ரட்டை (பின்னால் ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் பிடி) படகின் அடித்தளத்துக்கு இணையாக வைத்துத் தொடங்குங்க. பிறகு ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீங்க.

கேள்வி: நிஜப் படகின் படங்களில் டர்ன் ஃபின் (திரும்பும்போது வழுக்காமல் தண்ணீரைப் பிடிக்கும் தகடு) இடது ஸ்பான்சனில் இருக்கு. என் கிட்டில் வலது பக்கம் போடச் சொல்றாங்க. அச்சுப் பிழையா சார்?

பிழை இல்லை. நிஜப் படகுகள் இடப்பக்கமாகத் திரும்பி ஓடும். மாடல் போட்டிகள் பெரும்பாலும் கடிகாரச் சுற்றில், வலப்பக்கமாக. திருப்பத்தின் உள்பக்கத்தில்தான் ஃபின் வேலை செய்யும். படத்தைப் பார்த்து இடதில் மாட்டினால் முதல் வளைவிலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

கேள்வி: எந்த மோட்டார், எத்தனை செல்?

கேவி எண்ணை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கையை, வோல்ட்டால் பெருக்குங்க. 6எஸ் லைப்போ (ஆறு செல் கொண்ட லித்தியம் பேட்டரி) 22.2 வோல்ட், 1500 கேவி என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 33,300 சுற்று. நல்ல இடம். அதே பேட்டரியில் 2200 கேவி போட்டால் 48,000 தாண்டும், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) புகைவிடும். வேகம் வேணும்னா வோல்ட்டைக் கூட்டி கேவியைக் குறையுங்க, ஆம்பியர் இறங்கும்.

கேள்வி: ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் (மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகும் வளையும் கம்பி) அடிக்கடி அறுந்துபோகுது.

ட்ரைவ் டாக்குக்கும் (ஷாஃப்ட்டில் ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டீங்களா? சுமை ஏறினால் ஷாஃப்ட் முறுகி நீளம் குறையும். நாலு, ஐந்து மில்லிமீட்டர் விடுங்க. ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் உருவித் துடைத்து கிரீஸ் போடுங்க.

கேள்வி: நேர்ப்பாதையில் முழு வேகத்தில் மூக்கு தூக்கி, காற்றில் மல்லாந்துடுது.

பேட்டரியை முன்னால் தள்ளுங்க. ஸ்பான்சனின் பின் ஓரத்திலிருந்து ட்ரான்சம் (படகின் பின்சுவர்) வரை உள்ள தூரத்தில், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் எடை மையம் இருந்தால் நல்ல தொடக்கம். அப்பவும் தூக்கினால் ஸ்ட்ரட்டைக் கொஞ்சம் இறக்குங்க. பின்பக்கம் உயர்ந்து மூக்கு தணியும். காற்றை எதிர்த்து ஓடும்போது த்ராட்டிலை விட்டுப் பிடிக்கணும், அதற்கு எந்த அளவும் கிடையாது. பழகணும்.

கேள்வி: ப்ரொப்பெல்லரை நானே தீட்டலாமா?

தீட்டணும், பேலன்ஸும் பார்க்கணும். ஆனால் பெரிலியம் காப்பர் ப்ரொப்பெல்லர் என்றால் அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் விட்டு ஈரமாகவே தேயுங்க, தகுந்த முகமூடி போடுங்க. சாப்பிடும் மேசையில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: உள்ளே மிதவை நுரை அவசியமா?

அவசியம். தண்ணீர் உறிஞ்சாத நுரை.

கேள்வி: எடை கூடிப்போச்சு, 6 கிலோ வருது. 1/8 ஸ்கேலுக்கு அதிகமா?

பயப்படாதீங்க. நீளம் எட்டில் ஒன்றானால் எடை 512இல் ஒன்று. மூன்று டன் படகைச் சுருக்கினால் கிட்டத்தட்ட 6 கிலோதான். இடது வலது எடை சமமா என்று மட்டும் பாருங்க. முதல் ஓட்டத்தை அரை நிமிடத்தில் நிறுத்தி, கரைக்குக் கொண்டுவந்து மோட்டாரையும் ஈஎஸ்சியையும் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு இருந்தால், வேற எதையும் மாற்றும் முன் சின்ன ப்ரொப்பெல்லர் மாட்டுங்க.