செல்லோக்காரர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

ஒரு கட்டுரையில் எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களாக அவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘மிஸ்டர் புளூ ஸ்கை’யில் ஆரம்பித்து ‘அவுட் ஆஃப் தி புளூ’, ‘டிஸ்கவரி’, ‘டைம்’ எல்லாம் இப்போது மனப்பாடம். முதல் மூன்று ஆல்பங்கள்தான் ஒட்டவில்லை. அரைவேக்காடாக, ஒரே இரைச்சலாகத் தெரிகின்றன. இவர்களுடைய அதிகம் பேசப்படாத பதிவுகளில் எதையெல்லாம் கேட்கலாம்? ‘சீக்ரெட் மெசேஜஸ்’ இரட்டை ஆல்பமாக வரவேண்டியது என்கிறார்களே, விடுபட்ட பாடல்கள் தேடிப் போகும் தரத்தில் இருக்கின்றனவா? பீட்டில்ஸை நகலெடுத்தவர்கள் என்ற பேச்சு நியாயமா? நம் இளையராஜாவின் வயலின்களோடு இவர்களை ஒப்பிட முடியுமா?

தேடும்போது ஒரு சுவாரசியமான தகவல் கிடைத்தது. இவர்களுடைய பழைய செல்லோக்காரர் (வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியம் செல்லோ) ஒருவர் வைக்கோல் கட்டு உருண்டு வந்து மோதி இறந்திருக்கிறார்! நண்பர்களிடம் சொன்னால் எல்லோரும் நம்ப மறுக்கிறார்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் செல்லோக்காரருக்குப் பெயர் உண்டு. மைக் எட்வர்ட்ஸ். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வேன் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, சரிவான வயலிலிருந்து உருண்டு வந்த பெரிய வைக்கோல் கட்டு மோதி இறந்தார். உங்கள் ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க செல்லோ வாசித்தவர், பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் பற்றி நண்பர்களிடம் சொல்ல உங்களுக்கு அவருடைய சாவுதான் கிடைத்ததா? அவர் வாசித்த ஆல்பங்கள் உங்களிடமே இருக்கின்றன. அவற்றைத்தான் ‘அரைவேக்காடு’ என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் உங்கள் கடிதம் வந்து கை வைத்துவிட்டது, அதனால்தான் பதில்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். பீட்டில்ஸ் பாதிப்பை, இந்தக் குழுவின் பாடல்களை எழுதிப் பாடிய ஜெஃப் லின் ஒருநாளும் மறைத்ததில்லை. பின்னாளில் பீட்டில்ஸில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் ‘கிளவுட் நைன்’ ஆல்பத்தைச் சேர்ந்து தயாரித்ததும் அவர்தான். இதில் வழக்கு நடத்த ஒன்றுமில்லை. இளையராஜா ஒப்பீடு வேண்டாம். வேறு மரபு, வேறு வேலை. எதைக் கேட்டாலும் உடனே நம் ஊர்த் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

இனி அந்த ‘இரைச்சல்’.

பர்மிங்ஹாமில் ‘தி மூவ்’ என்ற குழுவில் இருந்த ராய் வுட்டும் ஜெஃப் லின்னும் பெவ் பெவனும் சேர்ந்து 1970-ல் ஆரம்பித்தது இந்தக் குழு. அந்த ஜூலையில் ‘தி மூவ்’ குழுவின் இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்துக்காக லின் ஒரு பாட்டு கொண்டுவருகிறார். ராய் வுட் ஒரு மலிவான சீனச் செல்லோவை எடுத்து வந்து உட்கார்ந்து, ராக் கிதாரில் வாசிக்கும் துண்டுகளை அதில் வாசிக்கிறார். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினைந்து தடவை போலப் பதிந்துகொண்டே போகிறார். அதுதான் ‘10538 ஓவர்சர்’. 1972-ல் பிரிட்டிஷ் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது. அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் கிதார் இறங்கி வருகிறது. அப்புறம் செல்லோக்கள் நுழைகின்றன. நுழைவதா அது! வில்லை அழுத்தி இழுக்கும்போது தந்தி கரகரக்கிறது. சுருதி சுத்தமாகச் சேர்வதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடுகிறது. இசைப்பள்ளியில் படித்தவர் யாரும் அப்படி வாசிக்கத் துணியமாட்டார். அதைத்தான் இரைச்சல் என்கிறீர்கள். அந்த இரைச்சலில்தான் இந்தக் குழுவே பிறந்தது.

அதற்கு முன்பும் பாப் பாட்டில் வயலின்கள் இருந்தன. எப்படி? பாடகர் பாடி முடித்தபின் ஒரு ஏற்பாட்டாளர் வந்து, கூலிக்கு வாசிப்பவர்களைக் கூப்பிட்டு, பாட்டுக்குப் பின்னால் திரைச்சீலை தொங்கவிடுவார். ராய் வுட் செய்தது வேறு. செல்லோவைக் கிதாருக்குப் பக்கத்தில், அதே உரிமையோடு உட்காரவைத்தார். அது பாட்டோடு சண்டை போடலாம், பாட்டை மறித்து நிற்கலாம். வுட் 1972-லேயே விலகிப் போய்விட்டார். ஆனால் அவர் போட்ட அடித்தளம் சில வருடங்கள் நின்றது. மேடையில் இரண்டு செல்லோ, ஒரு வயலின். ஆரம்பத்தில் கிதார் சத்தத்துக்கு நடுவில் அவை காதிலேயே விழவில்லை. பிறகு தந்தியின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும், வாத்தியத்திலேயே பொருத்தும் பிக்கப் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். ஹ்யூ மெக்டவல் செல்லோவைத் தூக்கிக்கொண்டு மேடையில் சுற்றுவார். மிக் கமின்ஸ்கியின் வயலின் நீல நிறம். உங்கள் வைக்கோல் கட்டு மைக் எட்வர்ட்ஸ், தனி வாசிப்பில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தந்திகள்மேல் உருட்டி வாசிப்பார். வேடிக்கைதான். ஆனால் கூலிக்கு வந்தவர் அப்படி வேடிக்கை காட்ட முடியாது, வீட்டு ஆள்தான் காட்ட முடியும்.

இரண்டாவது ஆல்பத்தில் ‘குயாமா’ என்று பதினோரு நிமிடத்துக்கும் மேல் போகும் பாட்டு. போரில் அநாதையான ஒரு சிறுமியிடம் ஒரு சிப்பாய் பேசுகிறான். அவள் பெற்றோரைக் கொன்றதே அவன்தான். அதை அவன் சொல்லிமுடிக்க முடியாமல் திணறும்போது வில்ஃப்ரெட் கிப்சனின் வயலின் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. பாட்டு இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வயலினை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. ‘டைம்’ ஆல்பத்தில் எந்த வாத்தியத்தைப் பற்றியாவது உங்களால் இப்படிச் சொல்ல முடியுமா?

1974-ல் ‘எல்டொராடோ’. முதல்முறையாக முழு ஆர்கெஸ்ட்ரா. ஏற்பாடும் நடத்துதலும் லூயி கிளார்க். அழகான ஆல்பம், எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ‘கேன்ட் கெட் இட் அவுட் ஆஃப் மை ஹெட்’ ஒன்பதாம் இடத்துக்குப் போனது. ஆல்பத்தின் கடைசிப் பகுதி முடிகிற இடத்தைச் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராவின் டபுள் பாஸ்காரர்கள் வாத்தியங்களை மூட்டைகட்டுகிற ஓசை பதிவாகியிருக்கிறது. ஒதுக்கிய நேரத்துக்குமேல் ஒரு கணம்கூட அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று லின்னே பின்னால் எழுதியிருக்கிறார். நான் அவர்களைக் குறைசொல்லமாட்டேன். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், மணி அடித்ததும் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆல்பத்தோடு குழுவுக்குள் ஒரு மாற்றம் நுழைந்துவிட்டது. ஸ்டுடியோவில் முப்பது பேரைக் கூப்பிட முடியும் என்று தெரிந்தபின் வீட்டில் இருக்கும் மூன்று பேர் எதற்கு?

மைக் எட்வர்ட்ஸ் 1975 தொடக்கத்தில் விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு மெல்வின் கேல் வந்தார். புகழின் உச்சி இனிதான்: 1976, 1977. நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது அதைத்தான். 1979-ல் ‘டிஸ்கவரி’. அதில் ‘டோன்ட் பிரிங் மீ டவுன்’ என்ற பாட்டில் தந்தி வாத்தியமே கிடையாது. இந்தக் குழுவின் பாடல்களில் அப்படி வந்த முதல் பாட்டு. கமின்ஸ்கி, மெக்டவல், கேல் மூவருக்கும் அந்த ஆல்பத்தில் வேலையே இல்லை. ஆனால் ஆல்பத்துக்காக எடுத்த வீடியோக்களில் மூவரும் இருக்கிறார்கள்! வில்லைப் பிடித்துக்கொண்டு, வாசிக்காத பாட்டுக்கு வாசிப்பதுபோல அசைகிறார்கள். அந்த வீடியோக்களை என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததே இல்லை.

காரணம் சொல்கிறேன். என் சித்தப்பா மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தார். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக்காரர் வீட்டு விசேஷம் என்று வருடம் முழுக்கக் கச்சேரி. வில்லில் தேய்க்கும் ரோசின் பிசின் கட்டியைப் பழைய பவுடர் டப்பாவில் வைத்திருப்பார். மேடை ஏறும் முன் அதில் வில்லை நாலு இழுப்பு இழுப்பார், வெள்ளைத் தூள் அவருடைய கறுப்புப் பேண்ட்டில் உதிரும், தட்டிவிடமாட்டார். முன்னிசை வந்ததும் கூட்டம் அவரைத்தான் பார்க்கும். எண்பதுகளின் கடைசியில் குழுத் தலைவர் ஒரு கீபோர்டு வாங்கினார். ஒரு பொத்தானை அமுக்கினால் இருபது வயலின் கேட்கும். ஒருநாள் வீட்டுக்கே வந்து, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, பார்ட்டிங்க ரேட்டைக் குறைக்கச் சொல்றாங்க” என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, காப்பி கொடுக்கச் சொன்னார். அதற்குப்பின் பல வருடங்கள் அந்தக் குழுவின் நோட்டீசில் அவர் படம் இருந்தது. வயலினைத் தோளில் வைத்து, தலையைச் சாய்த்து, சிரித்துக்கொண்டு. வயலின் இருந்தால்தான் குழு பெரிதாகத் தெரியும் இல்லையா? நாங்கள் கல்லூரிக்குப் போகும் வழியில் சுவர்களில் அந்தப் படம் ஒட்டியிருக்கும். வீட்டில் சித்தப்பா ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

கறிவேப்பிலை மாதிரி என்பார்கள். அதையாவது வாசனைக்காகக் குழம்பில் போட்டுவிட்டுத்தான் எடுத்தெறிவோம். இங்கே குழம்பிலேயே போடாமல் தட்டில் அலங்காரத்துக்கு வைத்தார்கள்.

லின் மோசமானவர் என்று நான் சொல்லவரவில்லை. பாட்டு அவருடையது, உழைப்பு அவருடையது. ‘அவுட் ஆஃப் தி புளூ’ முழுவதையும் ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலைவீட்டில் சில வாரங்களில் எழுதியவர், அது சாதாரணக் காரியமா? தலைக்குள் கேட்கிற ஒலியை அப்படியே கொண்டுவர நினைப்பவருக்கு, இன்னொரு மனிதரின் வில் எப்போதும் கொஞ்சம் இடைஞ்சல்தான். அது தன் இஷ்டத்துக்குக் கரகரக்கும். ‘டைம்’ ஆல்பத்தில் அந்த இடைஞ்சல் மிகக் குறைவு. 2095-க்குப் போய் மாட்டிக்கொண்ட ஒருவனின் கதைக்கு அந்தச் சுத்தமான சிந்தசைசர் ஒலி பொருந்தவும் செய்கிறது. நல்ல ஆல்பம், கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு 1971-ன் கரகரப்பைப் போய் அளக்காதீர்கள். நீங்கள் செய்திருப்பது அதைத்தான், இதுதான் உங்கள் தலைமுறையின் காதுக்கு வந்திருக்கும் நோய். திருத்தப்படாத ஒலி எதைக் கேட்டாலும் ‘பதிவு சரியில்லை’ என்று அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். ஒரு கை ஒரு தந்தியில் தடுமாறி, பிறகு பிடித்துக்கொள்கிற அந்த அரை நொடியைக் கேட்கும் பொறுமை போய்விட்டது. உங்கள் வயதில் அந்தப் பொறுமை இல்லாவிட்டால் பிறகு வரவே வராது, கே.

சரி, எதைக் கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘தி நைட் தி லைட் வென்ட் ஆன் இன் லாங் பீச்’. 1974 மே மாதம் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த கச்சேரி. ஜெர்மனியில் அந்த வருடமே வந்தது. அவர்களுடைய சொந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் அப்போது வெளியிடவில்லை. பதிவின் தரம் மோசம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கமின்ஸ்கி தனியாக வாசித்துவிட்டு, ரயில் ஓடுவதுபோல ஓடும் ‘ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல்’ என்ற அமெரிக்க ஃபிடில் பாட்டுக்குள் பாய்கிற இடம் இருக்கிறதே, அங்கே கூட்டம் போடுகிற சத்தத்தைக் கேளுங்கள். வயலின்காரருக்காகக் கத்துகிறது அந்த ராக் கூட்டம். அதற்குப்பின் முதல் ஆல்பத்தில் ராய் வுட் எழுதிய ‘விஸ்பர் இன் தி நைட்’. டிரம்ஸே இல்லாத பாட்டு, செல்லோக்கள் அருகில் வந்து மூச்சுவிடும்.

‘வயலின்ஸ்கி’ என்று கமின்ஸ்கியின் தனிக் குழு ஒன்றும் உண்டு. ‘டிஸ்கவரி’ வந்த அதே 1979-ல் அவர்களுடைய ‘கிளாக் டான்ஸ்’ பிரிட்டனில் முதல் இருபதுக்குள் வந்தது. வார்த்தையே இல்லாத வயலின் பாட்டு. வயலினுக்கு வேலை இல்லை என்று முடிவான வருடத்தில்!

‘சீக்ரெட் மெசேஜஸ்’ பற்றிக் கேட்டதை மறந்தே போனேன். 1983-ல் இரட்டை ஆல்பமாகத் திட்டமிட்டதை ஒற்றையாகக் குறைத்துத்தான் வெளியிட்டார்கள். விடுபட்டதில் ‘ஹலோ மை ஓல்ட் ஃப்ரெண்ட்’ மட்டும் கட்டாயம் கேளுங்கள், பர்மிங்ஹாமை நினைத்து எழுதிய நீளமான பாட்டு. 2018-ல் வந்த இரட்டைத் தட்டில் இருக்கிறது. மற்றவை கிடைத்தால் கேளுங்கள், கிடைக்காவிட்டால் குடிமுழுகிவிடாது. அதைவிட, பழைய ஒற்றை ஆல்பத்திலேயே இருக்கும் ‘ராக் அண்ட் ரோல் இஸ் கிங்’ பாட்டின் நடுப்பகுதியைப் போட்டுப் பாருங்கள். கமின்ஸ்கி திரும்பி வந்து வாசித்திருக்கிறார், இம்முறை உண்மையாகவே. அதைக் கேட்டபின் முதல் ஆல்பத்துக்குப் போங்கள், நடுவில் எதையும் தள்ளாமல். அப்புறம் எழுதுங்கள்.

அன்புடன்.