வாசகர் கேள்வி: கோடைக்குச் சூபாபுல் இலைத்தூள்

கேள்வி: கோடையில் மேய்ச்சல் இல்லை. வளரும் ஆட்டுக்குட்டிகளுக்குச் சூபாபுல் மரத்தின் இலையைக் காயவைத்துக் கொடுக்கலாமா? முடி உதிரும் என்கிறார்களே?

பதில்: தயங்காமல் கொடுக்கலாம், அளவுதான் முக்கியம். காய்ந்த சூபாபுல் இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் உண்டு. கூடவே மைமோசின் என்ற நச்சும் உண்டு. முடி உதிர்வதும் கழுத்துக் கழலை வீங்குவதும் அதனால்தான். இளங்கொழுந்தில் அது அதிகம். முற்றிய இலையைப் பறியுங்கள்.

15 கிலோ எடையுள்ள குட்டி ஒரு நாளைக்கு 500 முதல் 600 கிராம் உலர்தீவனம் தின்னும். அதில் இலைத்தூள் 150 கிராமைத் தாண்ட வேண்டாம். 30 கிராமில் தொடங்கி, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். மிச்சத்துக்குச் சோளத்தட்டை, கடலைக்கொடி. கொஞ்சம் தவிடும் தாது உப்பும்.

பறித்த இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்பி, தினம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். கடும் வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து வைட்டமின் ஏ சத்து போய்விடும். கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அதைத் தயவுசெய்து குட்டிக்குப் போடாதீர்கள். நான்கு கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காய்ந்த இலை கிடைக்கும்.

மாவாக அரைக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறி குட்டி இருமும். கையால் நொறுக்கி, கஞ்சித்தண்ணீர் தெளித்து வையுங்கள்.