வாட்டா, யூனிட்டா, ஜூலா? வீட்டு மின்கணக்கை எதில் போடுவது?

கேள்வி: ஃபேனில் வாட், இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆம்பியர்-மணி, ஏசியில் டன், கரண்ட் பில்லில் யூனிட் என்று போட்டிருக்கிறது. ஜூல்தான் சரியான அளவு என்கிறாள் பிளஸ் ஒன் படிக்கும் மகள். பில் எதனால் ஏறுகிறது என்று கண்டுபிடிக்க எந்த அளவில் எழுதி வைக்க வேண்டும்?

பதில்: மகள் சொல்வது சரிதான். ஆற்றலின் சர்வதேச அலகு ஜூல். ஆனால் ஒரு யூனிட்டே 36 லட்சம் ஜூல். 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு 108 கோடி என்று எழுத வேண்டிவரும். மெகாஜூலில் 1080 என்று சுருங்கும், ஆனால் மீட்டரிலும் பில்லிலும் அந்த அளவு கிடையாது. ஒரு சாதனத்தின் ஒருநாள் செலவை வாட்-மணியிலும், இரண்டு மாதக் கணக்கை யூனிட்டிலும் எழுதுங்கள். 1000 வாட்-மணி ஒரு யூனிட்.

75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் 900 வாட்-மணி. 60 நாளில் 54 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 22 யூனிட்டுக்குள் முடியும்.

ஃபிரிட்ஜுக்கு இந்தப் பெருக்கல் உதவாது. கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் கணக்கு எக்கச்சக்கமாக வரும். ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 6ஆல் வகுங்கள், இரண்டு மாதக் கணக்கு வரும். ஏசியின் டன் குளிரூட்டும் திறன் மட்டுமே, மின்செலவு அல்ல. அதற்கும் லேபிளைத்தான் பார்க்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட் அடங்கும். சார்ஜ் ஏற்ற அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

சந்தேகமான சாதனத்தை மீட்டரிலேயே பிடிக்கலாம். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு (மினுக்கு) என்று அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால் ஒரு மினுக்கு 1125 ஜூல் (மகளின் ஜூல் இங்கேதான் கைகொடுக்கிறது). முதல் மினுக்கைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணுங்கள். பத்தாவது வர 30 விநாடி ஆனால், 11,250ஐ 30ஆல் வகுக்க (விநாடிக்கு ஒரு ஜூல்தான் ஒரு வாட்), அந்த நேரத்தில் வீடு இழுப்பது 375 வாட். சாதனத்தைப் போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை பாருங்கள்; வித்தியாசம்தான் அது இழுக்கும் வாட்.

ரீடிங் எடுக்கும்போது திரை மாறிக்கொண்டே இருக்கும். கிலோவாட் (kW) என்று மட்டும் வருவதை எழுதிவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. கிலோவாட்-மணி (kWh), அதாவது யூனிட், வரும்வரை காத்திருங்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அதனால் 40ஆம் நாளில் ஒரு ரீடிங் அவசியம். அன்று 340 யூனிட் ஆகியிருந்தால், இதே வேகத்தில் 60ஆம் நாளில் 510. மீதி 20 நாளும் தினம் அரை யூனிட் குறைத்தால் 500லேயே நிற்கும். 2000 வாட் கீசரைக் கால் மணி நேரம் குறைவாகப் போட்டால் அந்த அரை யூனிட் கிடைத்துவிடும்.