ரிமோட்டிலிருந்து பவர் பேங்க் வரை: உங்கள் கடுப்புகளும் என் பதில்களும்

வீட்டுச் சாதனங்களில் எது எரிச்சலைக் கிளப்புகிறது, எது மனசுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. பழுது பார்ப்பது என் பிழைப்பு, அதனால் சளைக்காமல் பதில் சொல்கிறேன். "எந்த போன் வாங்கலாம்" வகையறாவை மட்டும் தள்ளி வைத்துவிட்டேன்.

கேள்வி: டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டும் பட்டன் மட்டும் அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கிறது. புது பேட்டரி போட்டும் அதே கதைதான், அண்ணா.

பதில்: மற்ற பட்டன்கள் ஒழுங்காக இருந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். ரிமோட்டைத் திறந்தால் ரப்பர் விரிப்பின் அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு இருக்கும். அது கீழே போர்டில் இருக்கும் தடங்களைத் தொட்டால்தான் சிக்னல் போகும். அதிகம் புழங்குகிற பட்டனில் பிசுக்கு ஏறி, தொட்டாலும் தொடாத மாதிரி ஆகிவிடுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, போர்டையும் பொட்டையும் லேசாகத் துடையுங்கள். சுரண்டினால் கார்பன் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். முதல் அழுத்திலேயே சத்தம் ஏறும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே செய்யலாம்.

ரிமோட் மொத்தமாகச் செத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால், போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து பவர் பட்டனை அழுத்துங்கள். நுனியில் ஊதா நிறத்தில் மின்னினால் ரிமோட் நலம், டிவியைத்தான் பார்க்க வேண்டும். ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி; பின்பக்கக் கேமராக்கள் பெரும்பாலும் அதை வடிகட்டிவிடும், அதனால்தான் முன்பக்கம் என்கிறேன்.

கேள்வி: பவர் பேங்க் 10,000 எம்ஏஎச், என் போன் 5,000. இரண்டு தடவை ஏறணும் இல்லையா? ஒன்றரை தடவையோடு படுத்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட். பெருக்கினால் 37 வாட்-மணி. போனுக்கு வெளியே வருவது 5 வோல்ட் என்றால், 37ஐ ஐந்தால் வகுங்கள்: 7.4, அதாவது 7,400 எம்ஏஎச்தான். மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு பகுதி சூடாகப் போய், கையில் வருவது 6,000 முதல் 6,500 வரை. போனின் 5,000மும் செல்லின் அளவுதான், 5 வோல்ட் கணக்கில் அது 4,000க்குக் கீழே. போன் தன் பங்குக்கும் கொஞ்சம் வீணடிக்கும். ஆக, ஒன்றரை தடவை வந்தால் உங்களுடையது நல்ல பவர் பேங்க்! பெட்டியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று ஒரு எண் இருக்கும், அடுத்த முறை அதைப் பார்த்து வாங்குங்கள். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய எண்ணைக் கொட்டை எழுத்திலும் உண்மையான எண்ணைப் பொடி எழுத்திலும் போடுவதை நேர்மை என்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: புளூடூத் இயர்போனில் படம் பார்த்தால் உதடும் குரலும் ஒத்துப்போகிறது, கேம் ஆடினால் மட்டும் சுட்ட பிறகுதான் சத்தம் கேட்கிறது. ஏன்?

பதில்: போன் ஒலியைச் சுருக்கி அனுப்பி, இயர்போன் அதை விரித்து, கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் ஒலிக்கிறது. இதில் நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு போய்விடும். வீடியோ செயலிக்கு இந்தத் தாமதம் தெரியும், அதனால் படத்தையும் அதே அளவு நிறுத்திக் காட்டுகிறது. நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று கேமுக்கு எப்படித் தெரியும்? கேம் மோட் இருந்தால் போடுங்கள், குறையும். அடியோடு போக வேண்டுமென்றால் வயர்தான்.

கேள்வி: மைக்ரோவேவ் ஓடும்போது புளூடூத் இயர்போனில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது. கதிர்வீச்சு கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது சார்.

பதில்: அடுப்பு ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில், புளூடூத்தும் அதே வட்டாரத்தில்தான். பாதுகாப்பு வரம்புக்குள் கசியும் துளியே புளூடூத்தின் மெல்லிய சிக்னலைக் கலைக்கப் போதும். கதவு வளைந்தோ சரியாக மூடாமலோ இருந்தால் மட்டும் உபயோகிக்காதீர்கள்.

கேள்வி: புது டிவியில் சினிமாகூட சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிகிறது.

பதில்: சினிமா நொடிக்கு 24 படம். டிவி நடுவில் தானாகக் கற்பனைப் படங்களைச் செருகுகிறது. அமைப்புகளில் பெயரில் 'மோஷன்' என்று வருவதை அணையுங்கள், அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' போடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

கேள்வி: டைப்-சி கேபிள் நாலு இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி. ஒன்றில் வேகமாக ஏறுகிறது, ஒன்றில் ஃபைலே போகவில்லை. தலை சுற்றுகிறது.

பதில்: என்னைக் கேட்டால் இன்றைக்கு இருப்பதிலேயே பெரிய கடுப்பு இதுதான். டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டுமே. உள்ளே நொடிக்கு 480 மெகாபிட் கேபிளும் இருக்கலாம், 40 கிகாபிட் கேபிளும் இருக்கலாம்; 60 வாட்டோடு நிற்பதும் உண்டு, 240 வாட் தாங்குவதும் உண்டு. வெளியே ஒன்றும் எழுதாமல் விற்கிறார்கள். நல்லது எது என்று தெரிந்ததும் ஒரு துண்டு நிற டேப் சுற்றிவிடுங்கள். இன்னொன்று, செருகும்போது 'டக்'கென்று உட்காராமல் ஆடினால் கேபிளைத் தூக்கி எறியாதீர்கள். போன் வாயில் சட்டைப்பைப் பஞ்சு திணிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த சாதனம்?

பதில்: காகிதம் போலத் தெரியும் மின்மைத் திரை (இ-இங்க்) உள்ள புத்தக வாசிப்பான். பக்கம் புரட்டும்போது மட்டும்தான் திரை மின்சாரம் கேட்கும், அதனால் வாரக்கணக்கில் சார்ஜரைத் தேட வேண்டாம். பக்கம் திருப்பத் தனிப் பட்டன் இருக்கிற ரகம் என்றால் இன்னும் பிடிக்கும்.

கேள்வி: பழைய போனின் முதுகு லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் நன்றாக வேலை செய்கிறது. கொஞ்ச நாள் ஓட்டலாமா? படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதில்: ஓட்டக் கூடாது. பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அணைத்து, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சீக்கிரம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். படங்கள் இருப்பது நினைவகத்தில், பேட்டரியில் இல்லை. பேட்டரி மாற்றிய பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.